ஏற்காடு ஏற்றத்துக்கு எந்த டைனமோ? மெதுவாக மிதிப்பவர்களுக்கான செய்முறை

சேலத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏற்காடுதான். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று நான் விடிகாலை நாலு மணிக்கே கோரிமேட்டைத் தாண்டிவிடுவேன். அடிவாரத்திலிருந்து மேலே சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். வயது ஐம்பதைத் தாண்டிய என்னுடைய வேகம் மணிக்கு 6, தெம்பு இருந்தால் 8 கிலோமீட்டர். நாய் கூடவே நடந்து வரும் வேகம்.

இந்த வேகத்தில்தான் டைனமோ லைட்டின் குட்டு வெளிப்படும். முதல் தடவை நான் வாங்கிய ஹப் டைனமோ (முன்சக்கரத்தின் அச்சிலேயே இருப்பது), அஸ்தம்பட்டி ரோட்டில் ஜோராக எரிந்தது. மூன்றாவது வளைவில் விளக்கு டிஸ்கோ போட ஆரம்பித்தது. ஒரு மிதிக்கு ஒரு மின்னல். ரோட்டில் கிடந்த கல் ஒரு கணம் தெரியும், அடுத்த கணம் இருக்காது. அப்புறம் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனேன். கூகுளில் தேடி, பெட்டியில் போட்டிருந்த லக்ஸ் எண்ணை, அதாவது வெளிச்ச அளவைப் பார்த்து வாங்கியதன் பலன். விற்றவரிடம் "மலை ஏறுவேன்" என்று சொல்லித்தான் கேட்டேன். "எடை கம்மி, மிதிக்க லேசு, இதுதான் பெஸ்ட்" என்றார். எடை கம்மிதான், அதில் பொய்யில்லை.

அந்தப் பணத்தை நீங்களும் கட்ட வேண்டாம் என்பதற்காக, முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். மின்சாரம் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: டைனமோ வேண்டுமா?

மாதம் ஒரு தடவைதான் ஏற்காடு போவீர்கள், மற்ற நாளில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் என்றால், சார்ஜ் போடும் பேட்டரி லைட் ஒன்று போதும். மூன்றரை மணி நேரம் தாங்கினால் ஏறிவிடலாம். தள்ளுவண்டி மாதிரி எப்போதுமே 4 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கும் பேட்டரிதான் சரி.

டைனமோ யாருக்கென்றால், தினமும் இருட்டில் ஓட்டுகிறவர்களுக்கு. பால் ஊற்றுகிறவர், ஷிப்ட் முடிந்து வருகிறவர், சார்ஜ் போட மறந்துபோகிற என்னைப் போன்றவர். மிதித்தால் எரியும், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பதரைக்கு செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வீடு திரும்பிய என் அப்பாவின் சைக்கிளில் டயரை உரசிக்கொண்டு பாட்டில் டைனமோ ஒன்று இருந்தது. தெருமுனை திரும்பும்போதே 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும், அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அந்த டைனமோ மழையில் வழுக்கும், டயரைத் தின்னும், மிதிக்கக் கனக்கும். ஹப் டைனமோ சக்கரத்தின் நடு அச்சிலேயே காந்தமும் கம்பிச்சுருளும் வைத்துச் செய்தது. உரசல் இல்லை, சத்தம் இல்லை, மழைக்கும் பயமில்லை.

படி 1: உங்கள் மிக மெதுவான வேகம் எது?

சராசரி வேகத்தைச் சொல்லாதீர்கள், அது ஏமாற்றும். ஏறும்போது 7, இறங்கும்போது 30 என்றால் சராசரி பார்க்க அழகாக வரும், ஆனால் விளக்குக்கு அந்த 7-தான் கணக்கு.

ஜி.பி.எஸ். மரத்தடியில் தடுமாறும். அதைவிட எளிது கிலோமீட்டர் கல். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 10 நிமிடம் ஆனால் மணிக்கு 6 கிலோமீட்டர். 12 நிமிடம் என்றால் 5. எட்டு நிமிடத்தில் போய்விட்டால் ஏழரை. உங்களுக்கு வேகம் எங்கே ரொம்பக் குறைகிறதோ அங்கே எடுங்கள். எனக்கு அது பாதி மலைக்கு மேல்.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களும் அளக்கலாம். லீ பஜாரில் மூட்டை இறக்குகிற நேரத்தில் புகுந்து வெளியே வந்தால் 5-க்கு மேல் காட்டாது.

படி 2: சக்கரம் நொடிக்கு எத்தனை சுற்று?

டைனமோவுக்கு நீங்கள் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்பது தெரியாது. சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

சிமெண்ட் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, டயரை அதன்மேல் உருட்டி நேராகத் தள்ளுங்கள். ஈரத் தடம் இரண்டு இடத்தில் விழும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேப் வைத்து அளந்தால் சக்கரத்தின் சுற்றளவு. நம்ம ஊர் பெரிய 28 அங்குல சைக்கிளுக்கு சுமார் 2.2 மீட்டர் வரும். 700 சி ரோடு சைக்கிளுக்கு 2.1-ஐ ஒட்டி, 26 அங்குலத்துக்கு 2.05-ஐ ஒட்டி, 20 அங்குல மடக்கு சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர்.

மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 1.67 மீட்டர். அதைச் சுற்றளவால் வகுத்தால், பெரிய சைக்கிளின் சக்கரம் நொடிக்கு முக்கால் சுற்று, 20 அங்குலம் நொடிக்கு ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் மேல். அதே ஹப்பை 20 அங்குலச் சக்கரத்தில் கட்டி 6 கிலோமீட்டரில் போனால், பெரிய சக்கரத்தில் 9 கிலோமீட்டரில் போவது மாதிரி மின்சாரம் வரும். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களை மலையேற்றத்தில் கிண்டல் செய்வோம், விளக்கு விஷயத்தில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஏன் மினுக்குகிறது?

ஹப் டைனமோவுக்குள் பெரும்பாலும் 26 அல்லது 28 காந்த முனைகள் இருக்கும். 28 முனை என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மின்சாரம் 14 தடவை போய்த் திரும்பும். நொடிக்கு முக்கால் சுற்று என்றால் பத்துத் தடவைக்குச் சற்று மேல். எல்.இ.டி. ஒவ்வொரு போக்குக்கும் ஒரு தடவை, வருகைக்கும் ஒரு தடவை எரியும். நொடிக்கு 21 மினுக்கல். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 15 கிலோமீட்டர் வேகத்தில் அது 50-ஐத் தாண்டிவிடும், கண் கண்டுபிடிக்காது. பழைய குண்டு பல்பில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்.

இதுபோக மின்னழுத்தமும் குறையும். சுற்று குறைந்தால் வோல்ட் குறையும். எல்.இ.டி. எரியவே சுமார் 3 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் அது மங்காது, சட்டென்று அணைந்துவிடும். மிதியின் அழுத்தம் ஏறி இறங்கும்போது சக்கரத்தின் வேகமும் ஏறி இறங்குகிறது அல்லவா, எனக்கு மூன்றாவது வளைவில் 'ஒரு மிதிக்கு ஒரு மின்னல்' வந்தது இதனால்தான்.

படி 3: ஹப்பைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

ஹப் டைனமோக்களை 6 வோல்ட், 3 வாட் என்று குறிப்பார்கள். இந்த 3 வாட் எந்த வேகத்தில்? 15 கிலோமீட்டரில். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகள் இதை வரையறுத்து வைத்திருக்கின்றன: 15 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 5.7 வோல்ட், 5 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 3 வோல்ட். மெதுவாக மிதிக்கிற நமக்கு அந்த 15 கிலோமீட்டர் வேக வரி தேவையே இல்லை. 5 கிலோமீட்டர் வேகத்தில் 3 வோல்ட் என்ற வரிதான் நம் வரி.

சந்தையில் இரண்டு ஜாதி. ஒன்று முழு 3 வாட். இன்னொன்று மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று 1.5 வாட் அல்லது 2.4 வாட்டில் செய்தது. ஷிமானோவில் 3 வாட்டும் உண்டு, 1.5 வாட்டும் உண்டு. பெட்டியும் உருவமும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், மாடல் எண்ணை எழுத்து விடாமல் பாருங்கள். ஜெர்மனியின் ஷ்மிட் கம்பெனி செய்யும் சோன் வரிசையில் சோன் 28 என்பது பெரிய சக்கரத்துக்குக் குறைந்த வேகத்திலும் நன்றாகக் கொடுப்பது. சோன் டீலக்ஸ் எடை குறைந்தது, இழுவையும் குறைவு, ஆனால் மெதுவாகப் போனால் 28 அளவுக்குக் கொடுக்காது. தைவானின் ஷட்டர் பிரிசிஷனில் பிவி-8 என்பது 3 வாட், எஸ்வி-8 சின்னச் சக்கரத்துக்குத் தோதான லேசு ரகம்.

பெரிய சக்கரமும் 8 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உங்களுடையது என்றால் முழு 3 வாட் ரகம் மட்டும் வாங்குங்கள், லேசு ரகம் பக்கமே போகாதீர்கள். நான் முதலில் வாங்கியது 1.5 வாட். 20 அங்குல மடக்கு சைக்கிளானால் லேசு ரகமும் ஓடும். ஆனால் மலைதான் உங்கள் வேலை என்றால் சின்னச் சக்கரத்திலும் 3 வாட்டையே கட்டுங்கள். விலை குறைந்த ஷிமானோ 3 வாட், எடை கூடினாலும், மலையில் விலை உயர்ந்த லேசு ரகத்தைத் தோற்கடிக்கும். இதை நான் இரண்டு தடவை காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

"மிதிக்கக் கனக்குமே?" என்று உடனே கேட்பீர்கள். கணக்குப் போடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ, நூற்றுக்கு ஆறு சரிவு, 6 கிலோமீட்டர் வேகம். மலை மட்டுமே உங்கள் காலிடமிருந்து 90 வாட்டுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். அந்த வேகத்தில் டைனமோ எடுப்பது இரண்டு மூன்று வாட். கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பையும் இழுப்பதைவிடப் பெரிய பாரமில்லை.

கையில் வாங்கியதும் அச்சைத் திருகிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கட், கட் என்று தடுக்கித் தடுக்கித் திரும்பும். காந்தம் இழுப்பது அது. சக்கரத்தில் கட்டி ஓட்டும்போது தெரியாது.

படி 4: உங்கள் ஃபோர்க்கில் உட்காருமா?

ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிற கவை. ஹப் டைனமோ பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் அகல ஃபோர்க்குக்குச் செய்தது. நம்ம ஊர் பழைய பெரிய சைக்கிளின் ஃபோர்க் அதைவிடக் குறுகலாக இருக்கும். டேப்பால், அச்சு உட்காரும் இரண்டு காதுகளுக்கு உள்பக்கம் அளந்து பாருங்கள். கொஞ்சம் வித்தியாசம் என்றால் இரும்பு ஃபோர்க்கை நல்ல மிஸ்திரி பக்குவமாக விரித்துத் தருவார். அலுமினியம், கார்பன் ஃபோர்க்கை விரிக்கவே கூடாது, உடையும்.

டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா என்று பார்க்க வேண்டும், இரண்டுக்கும் ஹப் வேறு. அச்சு நட்டு போட்டதா, குவிக் ரிலீஸா, தடித்த ஊடுருவும் அச்சா என்பதும் வேறு வேறு. கடைசியாக ஓட்டை எண்ணிக்கை. பழைய பெரிய சைக்கிளின் முன்ரிம்மில் 32, பின்னால் 40 ஓட்டை. ஹப்பிலும் 32 இருந்தால் ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. 36 ஓட்டை ஹப்பை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டு ரிம் தேடி அலைந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். வேறு யார், நான்தான்.

படி 5: முன்விளக்கு

லக்ஸ் எண் முழு வேகத்தில் அளந்தது, அதுவும் 10 மீட்டர் தூரத்தில் மிகப் பிரகாசமான புள்ளியில். புஷ் உண்ட் முல்லரின் ஐக்யூ-எக்ஸ் 100 லக்ஸ், அதே கம்பெனியின் சின்ன 'ஐக்' 50 லக்ஸ். 30 கிலோமீட்டரில் இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். 6 கிலோமீட்டரில் ஏறும்போது இரண்டுமே முழுச்சாப்பாடு கிடைக்காத பிள்ளைகள்தான். அப்போது பார்க்க வேண்டியது வேறு.

ஒன்று, நின்றாலும் எரிகிற வசதி. விளக்குக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். ஓடும்போது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நின்றதும் நாலைந்து நிமிடம் மங்கலாக எரிய விடும். நிற்கும்போது மட்டுமல்ல, மெதுவாகப் போகும்போது விழுகிற இருட்டுப் பள்ளங்களையும் அது ஓரளவு நிரப்பும். மெதுவாக மிதிப்பவர்கள் இது இல்லாத விளக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இரண்டு, கிட்டத்து வெளிச்சத்தின் அகலம். கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கம் திரும்புகிறீர்கள். விளக்கு முன்சக்கரம் பார்க்கும் திசையைப் பார்க்கும், ரோடோ அதற்கும் உள்ளே மடங்கிப் போகும். வெளிச்சம் ஒடுக்கமாக இருந்தால் எதிர்ச்சுவரும் அதில் யாரோ எழுதிய பெயரும் மட்டும் பளிச்சென்று தெரியும், உங்கள் டயருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. போதாததற்கு ஏற்றத்தில் மூச்சுத் திணறி மிதிக்கையில் ஹேண்டில்பார் இப்படியும் அப்படியுமாக ஆடும், வெளிச்சமும் கூடவே ஆடும். பக்கத்தில் ஒரு மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரை ரோட்டின் முழு அகலத்துக்கும் பரவுகிற விளக்குதான் இங்கே உதவும்.

மூன்று, மேல்விளிம்பு வெட்டிய வெளிச்சம். எதிரே இறங்கி வரும் பஸ் டிரைவரின் கண்ணில் அடிக்காமல் ரோட்டில் மட்டும் விழுவது. ஜெர்மன் விதிப்படி செய்த விளக்குகள் எல்லாம் இப்படித்தான். டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கிற விளக்கு பாதி வெளிச்சத்தை மரத்துக்குத் தானம் செய்கிறது. மெதுவாகப் போகும்போது கிடைப்பதே ஒரு வாட்டோ ஒன்றரையோ, அதில் தானம் வேறு எதற்கு?

எங்கே மாட்டுவது என்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. நவம்பர், டிசம்பரில் பாதி மலைக்கு மேல் மூடுபனி இறங்கும். ஹேண்டில்பாரில் கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் பனி அப்படியே வெள்ளைச் சுவராக முகத்தில் திரும்பி அடிக்கும். ஃபோர்க்கின் தலையில், மட்கார்டுக்கு மேலே மாட்டினால் தொல்லை குறைவு. ஆனால் தாழ்ந்த விளக்கில் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழுந்து பள்ளம் போலத் தெரியும், பழகிக்கொள்ளுங்கள். முன்னால் கூடை கட்டியவர்களுக்கும் ஃபோர்க்தான் வழி.

கையால் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டைனமோவோடு ஒரே ஒரு எல்.இ.டி. போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொண்டு எரியும். மூன்றை வரிசையாகப் போட்டால் இறக்கத்தில் பளீர் என்று இருக்கும், ஏற்றத்தில் கண் திறக்காது, மூன்றுக்கும் சேர்த்து 9 வோல்ட்டுக்கு மேல் வேண்டுமே. மாறுமின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் பிரிட்ஜின் டையோடும் சாதாரண சிலிக்கானாக இல்லாமல் ஷாட்கி ரகமாகப் போடுங்கள். பிரிட்ஜில் சிலிக்கான் ஒன்றரை வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும், ஷாட்கி அதில் பாதி. 3 வோல்ட்டுக்கே திண்டாடும் வேகத்தில் அந்த முக்கால் வோல்ட் பெரிய சொத்து.

படி 6: பின்விளக்கு

முன்விளக்கிலிருந்து ஒரு கம்பி இழுத்து மாட்டிக்கொள்ளலாம், அதிலும் நின்று எரியும் வசதி இருக்கட்டும். மலையில் பின்னால் வருகிற வண்டிக்கு நீங்கள் தெரிவது உங்களுக்கு ரோடு தெரிவதைவிட முக்கியம். நான் சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி சிவப்பு லைட்டும் வைத்திருக்கிறேன்.

பழைய டைனமோக்காரர்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். முன்பல்பு பியூஸ் போனால் அடுத்த நிமிடமே பின்பல்பும் போய்விடும். அப்பா பல்பு விற்ற கடைக்காரரைத் திட்டுவார். பாவம், கடைக்காரர்மேல் தப்பில்லை. டைனமோ வோல்ட்டைச் சீராகக் கொடுக்கிற சாமான் அல்ல, ஏறக்குறைய அரை ஆம்பியரைச் சீராகத் தள்ளுகிற சாமான். முன்பல்பு 2.4 வாட், பின்பல்பு 0.6 வாட். முன்னது போனதும் அரை ஆம்பியரும் 0.1 ஆம்பியர் பல்பின் தலையில் விழும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் இதற்குக் காப்பு உண்டு. எல்.இ.டி.யோடு பழைய குண்டு பல்பைக் கலந்து மாட்டினால் அந்தக் கதை திரும்ப வரும்.

படி 7: சக்கரம் கட்டுதல்

இதை நீங்களே செய்ய வேண்டாம், முதல் சைக்கிளில் வேண்டவே வேண்டாம். டைனமோ ஹப் சாதாரண ஹப்பைவிடக் குண்டு, பழைய போக்ஸ் கம்பி நீளம் கூடிவிடும். புதுக் கம்பியின் நீளத்தை ஹப்பை அளந்துதான் வாங்க வேண்டும்.

நான் சேலம் குகைப் பகுதியில் ஒரு மிஸ்திரியிடம் கொடுத்தேன். அறுபது வயது இருக்கும். ஹப்பைக் கையில் வாங்கி அச்சைத் திருகினார், முகம் சுருங்கிவிட்டது.

"கோனு டைட்டா இருக்குதுங்க. லூஸ் பண்ணிரட்டுங்களா?" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"ஐயோ அண்ணா, வேண்டாங்க! உள்ள காந்தம் இருக்குதுங்க" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

"உள்ளாரயா?" என்று ஒரு பால்ரஸ் உருண்டையை ஹப்பின் வயிற்றில் ஒட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை, வெளிக்கூடு அலுமினியம். நம்பாமல் மறுபடி அச்சைத் திருகினார். நான் பையிலிருந்த விளக்கின் வயரை மாட்டினேன். அவர் திருகினார், விளக்கு மினுக்கியது. அதன் பிறகு எதிர்க்கடைப் பூக்காரம்மா முதல் டீ கொண்டுவந்த பையன் வரை எல்லோரும் ஒரு தடவை திருகிப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்கியது.

உங்கள் மிஸ்திரியிடமும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஹப்பைப் பிரிக்கக் கூடாது, கிரீஸ் வைக்கத் திறக்கக் கூடாது. உள்ளே மெல்லிய செப்புக்கம்பி, அறுந்தால் கதை முடிந்தது. கோட்டம் எடுப்பது மட்டும் வழக்கம் போல. முதல் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை கோட்டம் பார்க்கச் சொல்லுங்கள், புதுக் கம்பிகள் கொஞ்சம் இளகும்.

படி 8: வயர் இழுப்பது

சக்கரத்தை மாட்டும்போது மின்முனை எந்தப் பக்கம் என்று ஹப்பில் அம்புக்குறியோ எழுத்தோ இருக்கும், பெரும்பாலும் ஓட்டுகிறவரின் வலப்பக்கம் வரும். முனை கீழ்நோக்கித் தொங்காமல் ஃபோர்க்கை ஒட்டி மேல்நோக்கி இருக்கட்டும், சேறு தங்காது.

அந்தக் காலத்து டைனமோவுக்கு ஒரே வயர், மறுபாதி சைக்கிள் உடம்பு. அந்த வழி வேண்டாம். பெயின்டும் துருவும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடிக்கும், நமக்கோ ஏற்கெனவே பஞ்சம். இரண்டு வயராக இழுங்கள். ஹப்பிலிருந்து வருவது மாறுமின்சாரம் என்பதால் முன்விளக்குக்கு எந்த வயர் எதில் என்று கவலை இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. சில ஹப்களில் ஒரு முனை அச்சோடு சேர்ந்திருக்கும், சில விளக்குகளில் ஒரு முனை இரும்பு உடலோடு சேர்ந்திருக்கும். மாற்றி மாட்டினால் சைக்கிள் உடம்பு வழியாக ஷார்ட் ஆகிவிடும். மாட்டியபின் எரியவில்லை என்றால் பதறாமல் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். பின்விளக்கு வயருக்கு மட்டும் நிறம் பார்த்து மாட்டுங்கள்.

ஃபோர்க்கின் தலை அருகே வயரில் ஒரு விரல் நீளம் தளர்வு விடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் டை கட்டுங்கள். முதல் வளைவிலேயே வயர் பிடுங்கிக்கொண்டால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சரிசெய்ய வேண்டியிருக்கும்.

போன் சார்ஜ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏற்றத்தில் ஏறாது. 12, 15 கிலோமீட்டர் வேகம் வந்தால்தான் அந்தச் சார்ஜர்கள் உருப்படியாக வேலை செய்யும். விளக்கையும் சார்ஜரையும் சேர்த்து மாட்டினால் இருப்பதும் மங்கும்.

படி 9: வீட்டிலேயே சோதனை

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 12 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், டீ விலைதான். விளக்கைக் கழற்றிவிட்டு ஹப்பின் இரண்டு முனைக்கும் நடுவே அதை மாட்டி, மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அதே முனைகளில் பிடியுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் முன்சக்கரத்தைக் கையால் சீராகச் சுற்றட்டும். பெரிய சக்கரத்தில் 30 நொடிக்கு 19, 20 சுற்று என்றால் அதுதான் 5 கிலோமீட்டர் வேகம். மீட்டர் 3 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் ஹப் மலைக்குத் தேறும். என் பழைய 1.5 வாட் ஹப் 3-ஐத் தொடவே இல்லை, இந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்திருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். மலிவான மீட்டர்கள் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குத் தோதானவை, இங்கே வருவதோ 9 ஹெர்ட்ஸ். எண் ஆடும். நாலைந்து தடவை சுற்றிப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு விளக்கை மாட்டி, ராத்திரி தெருவிளக்கு இல்லாத இடத்தில் சைக்கிளை நடந்து தள்ளுங்கள். நடை வேகத்திலேயே எரிய வேண்டும். மங்கலாக இருக்கலாம், மினுக்கலாம், அணையக் கூடாது. வெளிச்சத்தின் மேல்விளிம்பு உங்கள் விளக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே சுவரில் விழுகிற மாதிரி சாய்வை வையுங்கள். ஏற்றத்துக்கு மட்டும் நான் இன்னும் ஒரு விரல் தாழ்த்திவிடுவேன், 6 கிலோமீட்டரில் முப்பது மீட்டர் தள்ளி இருப்பதைப் பார்த்து என்ன செய்யப்போகிறேன்? இறங்குவதற்கு முன் மறக்காமல் உயர்த்திவிடுங்கள். மாலையில் ஏறி இருட்டில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25-இல் வந்து வளைவில் பிரேக் பிடித்து 8-க்கு இறங்கும்போது, வெளிச்சம் தேவையான இடத்தில்தான் குறையும். வளைவுக்கு முன்பே உள்விளிம்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு முதல் தடவை போகும்போது அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு மட்டும் ஏறிவிட்டுத் திரும்புங்கள். பையில் சின்ன பேட்டரி டார்ச் ஒன்று இருக்கட்டும். போன வருடம் பத்தாவது வளைவு தாண்டி, ரோட்டின் நடுவில் பாறை ஒன்று கிடப்பது போல இருந்தது. ஆறு கிலோமீட்டர் வேகத்து வெளிச்சத்தில் அதற்கு மேல் தெரியவில்லை. நின்றேன். நின்று எரிகிற மங்கல் வெளிச்சத்தில் பாறை ஒரு காதை ஆட்டியது. காட்டெருமை. டார்ச்சை அடிக்காமல், மூச்சுவிடாமல், அதுவாகக் காபித் தோட்டத்துக்குள் இறங்கிப் போகும்வரை நின்றேன். கெப்பாசிட்டர் தீரும் நேரத்துக்கும் அது போன நேரத்துக்கும் சரியாக இருந்தது.

மேலே போய் ஏரிப்பக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீ சொன்னீர்கள் என்றால், பக்கத்தில் நிற்கிற யாராவது கட்டாயம் சொல்வார்கள்: "சார், லைட்டு எரியுது பாருங்க, பேட்டரி போயிரும்." ஸ்விட்சைத் தேடாதீர்கள். டீ ஆறுவதற்குள் அதுவே அணைந்துவிடும்.